ஈ ஓட்டியவன்

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. ‘தூண்டில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த வேளையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தூண்டில் அல்ல. அங்கே யாரும் மீனும் பிடிக்கவில்லை. கயிற்றின் நுனியில் கொக்கியே கிடையாது. சிவப்புக் கம்பளி நூலைப் பட்டாணி அளவுக்கு முடிந்து கட்டியிருந்தது. கட்டிக் கொடுத்தது கிளாரா, இறந்துபோன ஃபிரடியின் மனைவி. ஒரு சாவு அறிக்கையில் இதெல்லாம் பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்குப் பிழை கண்ணில் பட்டுவிட்டால் சோறு இறங்காது. என் பிழைப்பே அதுதான்.

நேற்று என்னை மறுபடியும் மின்வாரிய ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். லைன்மேன் பிச்சையா தன் சஸ்பெண்டை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார், போன வருஷம் சாட்சி சொன்னதில் ஏதாவது மாற்ற வேண்டியது உண்டா என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். இது அந்த எழுத்து. முதலிலிருந்து வருகிறேன். குறுக்கே கேள்வி கேட்க ஆளில்லை என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும்.

என் பெயர் இசக்கியப்பன். ஊர் சாத்தான்குளம் பக்கம். 1998-ல் பாலிடெக்னிக் முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேரோடு ஒரு அறையில் தங்கினேன். மண்ணூரில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. கம்பெனிக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது நுழையவில்லை. ‘ஈ கம்பெனி’ என்றார்கள்.

அந்தப் பெயர் தப்பில்லை. நாங்கள் செய்தது ஈதான். சின்னக் கொக்கியை வைஸில் கவ்வவைத்து, அதன்மேல் சேவல் கழுத்து இறகும் பட்டு நூலும் சுற்றி, ஈ மாதிரி, கொசு மாதிரி, புழு மாதிரி கட்டுவது. அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டுவார்கள். குளிர் நாடுகளில், மலை ஓடைகளில் டிரவுட் என்று ஒரு மீன் உண்டாம். தண்ணீர்மேல் விழுகிற பூச்சியைத் தின்னும். அதை ஏமாற்றுவதற்குத்தான் இந்த ஈ. அந்த அறுபது பேரில் ஒருத்திகூட டிரவுட்டைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் அது எதைப் பார்த்தால் ஏமாறும், எதைப் பார்த்தால் ஏமாறாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஆயிரம் ஈ பார்ப்பேன்.

2001-ல் ஒரு புகார் வந்தது. நம் ஈ தண்ணீரில் நிமிர்ந்து உட்காரவில்லை, பக்கவாட்டில் கவிழ்கிறது என்றார்கள். வாங்குகிறவர்களின் சார்பில் மிஸ் ரூத் என்று ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும், ஆண்பிள்ளை சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. கையில் வைத்துப் பார்த்தால் ஈயின் குறை தெரியாது, வீசிப் பார்த்தால்தான் தெரியும், இங்கே வீசத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்றார். மேனேஜர் பெருமாள்சாமி என்னைக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்கப் பெண்டாட்டியும் கிடையாது.

வீசுவது என்றால் கல் வீசுவது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஈக்கு எடையே இல்லை. எடை கயிற்றில் இருக்கிறது. ராடு என்பது வீசுகிற கம்பு. அந்த ஒன்பது அடி ராடைத் தூக்கிப் பின்பக்கம் வீசினால் கயிறு தலைக்குமேல் வளைந்து பின்னால் போகும். அது முழுக்க நீளும்வரை கையைக் காற்றில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். நீண்ட பிறகுதான் முன்னால் வீச வேண்டும். ஒரு நொடி அவசரப்பட்டாலும் சாட்டை மாதிரி சொடுக்கி ஈ பிய்ந்துபோகும். ஒரு நொடி அசந்தாலும் கயிறு பின்னால் தரையில் விழும். மணிக்கட்டு மடங்கவே கூடாது. மிஸ் ரூத் என் மணிக்கட்டையும் ராடின் அடியையும் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டினார். முழங்கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொள்ளச் சொன்னார். கம்பெனிக்குப் பின்னால் இருந்த புல்தரையில் அப்படி நான் நின்ற கோலத்தைப் பார்த்து, கட்டுகிற பெண்கள் ஜன்னலோரம் கூடிச் சிரித்தார்கள். வீசும் முன் பின்னால் திரும்பிப் பார், யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்று பார் என்றார். அது முதல் பாடம்.

ஒரு வாரத்தில் அவர் போய்விட்டார். ராடை என்னிடம் விட்டுப்போனார். அதன்பின் ஞாயிறுதோறும் மண்ணூரைத் தாண்டி இருக்கும் ஏரிக்கரையில், ஈக்குப் பதில் கொக்கியில்லாத கம்பளித் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று பழகினேன். எனக்குக் கை வராதது அந்த நிறுத்தம்தான். ஆயிரத்தொன்று என்று மனசுக்குள் சொல், அதற்குள் கயிறு நீண்டுவிடும் என்று மிஸ் ரூத் சொல்லியிருந்தார். சொல்லிப் பார்த்தேன். ஆயிரம் வருவதற்குள் கை முன்னால் போய்விடும். கயிறு காதில் சொடுக்கியது, கழுத்தில் சுற்றியது, மாடு மேய்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, ‘ஈ கம்பெனியில வேலையில்ல போல, இங்க வந்து ஈ ஓட்டிக்கினு கீறான்’ என்று சொல்லிப் போவார்கள். சிரித்துக்கொள்வேன். கயிறு ஒழுங்காக நீண்டு விழ எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சரியாகச் சொன்னால் எட்டு மாதம் ஒரு வாரம்.

அந்த எட்டு மாதத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு எனக்கென்று ஒரு இடம் உண்டானது. சரக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு ரகத்திலும் பத்து ஈயை ஏரியில் வீசிப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். சத்திரத்துக் கம்பெனிகளில் என்னோடு வந்தவர்கள் எல்லாம் லைனில் நின்று, ஒரே ஸ்க்ரூவை நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருந்தார்கள். நான் போகாவிட்டால் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்கிற பயம் எனக்கு மட்டும் இல்லை. தென் மாவட்டத்திலிருந்து வந்து இந்த ரோட்டில் வேலை பார்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

ஃபிரடி பேக்கிங்கில் இருந்தான். மண்ணூர்க்காரன். இருபத்தாறு வயது, ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். 2003 ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கிளாராவைப் பின்னால் உட்காரவைத்து டி.வி.எஸ். வண்டியில் வந்தவன் கரையில் என்னைப் பார்த்து நிறுத்தினான்.

“இன்னாண்ணே, லீவு நாள்லகூட ஈ ஓட்டிக்கினு கீறியா? குடுண்ணே, நானும் ஒருவாட்டி ஓட்டிப் பாக்கறேன்.”

கொடுத்தேன். கயிறு அவன் கழுத்தைச் சுற்றும், சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். முதல் வீச்சு அப்படித்தான் ஆனது. இரண்டாவது வீச்சில் கை மேலே போய் நின்றது. நின்றது என்றால், அப்படி ஒரு நிற்பு. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பிறகு கை முன்னால் வர, கயிறு கோடு போட்ட மாதிரி நீண்டு, கம்பளித் துண்டு தண்ணீர்மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நான் வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றேன்.

“நடுவுல என்னப்பா சொன்ன?” என்று கேட்டேன்.

“ஆமென்னு சொன்னேண்ணே. ஃபாதரு ஜெபம் முடிச்சா ஒரு செகண்டு நிப்பாட்டுவாரு இல்ல, நாங்க ஆமென் சொன்னாத்தான் மேல போவாரு. அந்த கேப்புதாண்ணே இது. வேற ஒன்னும் இல்ல.”

கிளாரா வண்டிமேல் உட்கார்ந்தபடியே கை தட்டினாள். நான் ராடை வாங்கித் துடைத்து உறையில் போட்டேன். நன்றாக வீசினாய் என்று அவனிடம் சொன்னேன். சொன்னது உண்மை, பாராட்டுவதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

2004 ஜனவரியில் மிஸ் ரூத் மறுபடியும் வந்தார். நீலகிரியில் டிரவுட் ஓடும் ஓடைகள் உண்டு, வெள்ளைக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்து விட்டது, இந்தமுறை அங்கே போய் நம் ஈயை நிஜ மீனிடமே காட்டிப் பார்க்கலாம், ஒரு ஆளைக் கூட்டிப்போகிறேன் என்றார். மூன்று வருஷம் நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஏரியில் ஜிலேபி கெண்டைக்கு முன்னால் ஈ வீசி வீசி எனக்கு அலுத்துப்போயிருந்தது. எந்த மீனுக்காக என் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தேனோ, அதை ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புல்தரையில் நான் வீசிக் காட்டினேன். மிஸ் ரூத் தலையாட்டினார். பக்கத்தில் டிபன் பாக்ஸோடு நின்ற ஃபிரடியைப் பார்த்து யாரோ, “இவனும் ஓட்டுவான் மேடம்” என்றார்கள். அவன் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ராடை வாங்கி வீசினான். மிஸ் ரூத் கயிறு விழுந்த இடம்வரை நடந்து போய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: “இவனுக்குக் காத்திருக்கத் தெரிகிறது.”

பெருமாள்சாமி அன்று சாயங்காலம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். “இசக்கி, மேடம் ஃபிரடியைக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்க ஓடை சின்னதாம், பின்னாடியெல்லாம் மரமாம். அதுக்குத் தனி வீச்சு ஒன்னு இருக்காமே, அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்துடு. ரெண்டு வாரம் டைம். திரும்பி வந்தப்புறம் டெஸ்டிங்கை அவனே பாத்துக்கட்டும். நீ உள்ள செக்கிங்கை மட்டும் பாரு, உனக்கும் வேலை குறையும்” என்றார். சரி சார் என்றேன்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நானே இதைப் பலமுறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டேன், பொறாமை இல்லை. ஒரு பொருள் எட்டு மாதத்தில் செய்ய வேண்டியது என்றால் அதை இரண்டு நிமிஷத்தில் செய்து கொடுத்தால் நாங்கள் வாங்க மாட்டோம். எங்கோ குறை இருக்கும். சோதித்துப் பார்க்கும்வரை ஒதுக்கி வைப்போம். எனக்கு இருந்தது அந்த மனநிலைதான்.

மறுநாள் கிளாரா என் மேஜைக்கு வந்தாள். கட்டுகிறவர்களிலேயே சின்ன ஈ அவள்தான் கட்டுவாள். எறும்பளவு கொக்கியில் அவள் கை நடுங்காது. “அண்ணே, அவரு ஊட்டியே பாத்தது இல்ல. உங்க புண்ணியத்துல போறாரு. குளுருக்குன்னு ஸ்வெட்டரு பின்னிக்கினு கீறேன்” என்றாள். பழகுவதற்குக் கம்பளி வேண்டுமே என்றேன். அந்த ஸ்வெட்டருக்கு வாங்கிய சிவப்பு நூலிலிருந்து ஒரு துண்டு வெட்டி முடிந்து கொடுத்தாள். அறிக்கையில் வர வேண்டியது அந்த நூல்தான்.

இனி இடத்தைப் பற்றி. அந்த ஏரியின் கீழ்க்கரையை ஒட்டி யாரோ தொழிற்சாலைக்கு நிலம் வாங்கியிருந்தார்கள். டிசம்பரிலிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினார்கள். மண் மூன்றடி உயர்ந்தது. மேலே போகிற மின்கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த ரோட்டில் எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஜனவரி கடைசியில் பிச்சையா சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்து இறங்கினார்.

“தம்பி, அந்த மேட்டுல மட்டும் நிக்காத. மண்ணு ஒசந்து போச்சி, ஒயரு கைக்கு எட்டுற மாரி வந்துகீது. நான் எழுதிக் குடுத்துக்கீறேன், எப்ப வந்து தூக்குவாங்களோ. நீதான இங்க கம்பு வெச்சிக்கினு வர்ற, வேற யாராச்சும் வந்தாலும் சொல்லிடு, இன்னா?”

சொல்கிறேன் என்றேன். போன வருஷம் உங்களிடம், யாரும் எச்சரிக்கவில்லை என்று நான் சொன்னதை இதோடு திருத்திக்கொள்ளுங்கள். அவர் எச்சரித்தார். அவர் மனதறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் சஸ்பெண்டில் ஒன்றரை வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று நேற்று நீங்கள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது.

அவர் போனபின் மேட்டை அளந்தேன். கைக்கு எட்டுகிற மாதிரி என்பது ஒரு அளவு இல்லை. வெயில் நேரத்தில் ஒரு குச்சியின் நிழலையும் கம்பியின் நிழலையும் அளந்து கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும், எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். பதினாறடி வந்தது. நான் ஐந்தடி மூன்று அங்குலம். கையை முழுக்க உயர்த்தி ராடை நிமிர்த்தினால் நுனி பதினைந்தரைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஃபிரடிக்குப் பதினாறேகால்.

உயரம் சரி, ராடில் மின்சாரம் ஓடும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இங்கே இன்னொரு திருத்தம் சொல்ல வேண்டும். பின்னால் பார்ப்பது முதல் பாடம் என்று மேலே எழுதினேன். அது இரண்டாவது பாடம். 2001-ல் மிஸ் ரூத் உறையைப் பிரித்ததும் முதலில் காட்டியது, ராடின் கைப்பிடிக்குமேல் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரை. மின்னல் படம் போட்டு, கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. இது கார்பன், மின்சாரம் இதில் ஓடும், கம்பிக்குக் கீழே ஒருபோதும் நிற்காதே, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான் என்று, என் முகவாயைப் பிடிக்காத குறையாக மேலே பார்க்கவைத்துச் சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் ஃபிரடி அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்டான். “இன்னாண்ணே இது, மின்னலு போட்டுக்கீது?” அவன் தமிழ் மீடியம்.

“கம்பு மின்னல் வேகத்துல வேலை செய்யும்னு போட்டிருக்கான்” என்றேன்.

“அதான பாத்தேன்” என்றான். அவன் போனபிறகு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். ஓரம் ஏற்கெனவே எழும்பித்தான் இருந்தது. இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அதை ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி எட்டு, ஞாயிறு. காலை பத்தரை மணிக்கு, பூசை முடிந்த வெள்ளைச் சட்டையோடு ஃபிரடி வந்தான். அன்றைக்கு மீதம் இருந்தது அந்த ஒரு வீச்சுதான். பின்னால் மரம் இருந்தால் கயிற்றைப் பின்னால் அனுப்ப முடியாது. கையை முழுக்க உயர்த்தி, நேராக வானத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும். மிஸ் ரூத் ஊரில் அதற்குச் சர்ச் கோபுரத்தின் பெயர். சொன்னதும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்ப இது நம்ம வீச்சுண்ணே” என்றான்.

பழகுவதற்குப் பின்னால் புதர் இருக்கிற இடம் வேண்டும். மேட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. அதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கரையில் இல்லை. நீங்கள் போய்ப் பார்த்தாலும் ஒப்புக்கொள்வீர்கள். முதலில் நான் நின்று வீசிக் காட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடம், அதே ராடு, கையை முழுக்க உயர்த்தி மூன்று முறை வீசினேன். என் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவு. நான் செய்யத் தயங்குகிற ஒன்றை நான் யாரையும் செய்யச் சொன்னதில்லை.

பிறகு ராடை அவன் கையில் கொடுத்துவிட்டு, பழைய கரையின் கல்லுக்குப் போய் நின்றுகொண்டேன்.

முதல் வீச்சில் அவன் முழங்கையை மடக்கினான். கயிறு புதரில் மாட்டியது. எடுத்துவிட்டான். “கையை நல்லா ஒசத்துப்பா, பாதியில நிக்குது” என்றேன். அது சரியான திருத்தம். வேறு யார் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. யாரும் இல்லை. கையை உயர்த்தினான். மணிக்கட்டு மடங்கவில்லை. கை முழுக்க நீண்டு, ராடு நேராக நின்றது. வாய் திறந்து ‘ஆ’ என்றது. அவன் வழக்கமாகச் சொல்கிற சொல்லின் முதல் எழுத்தாக இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். உறுதியில்லாததை நான் எழுத மாட்டேன்.

நான் நின்றேன். ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ணினேன். நாற்பதுவரை போயிற்று. எட்டு மாதம் பழகியும் எனக்கு வராத நிறுத்தம் அன்றைக்குக் கச்சிதமாக வந்தது. அதன்பிறகுதான் டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ரத்தினம் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்.

கிளாரா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அந்த வாரம் அவள் கட்டியதில் பாதிக்குமேல் தலை கோணலாக இருந்தது. திருப்பி அனுப்பினேன், வேறு வழியில்லை, சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது. இரண்டை மட்டும் கண்டும் காணாமல் விட்டேன். அவள்மேல் எனக்கு இரக்கம் இருந்தது.

நீலகிரிப் பயணத்தை மிஸ் ரூத் ரத்துசெய்யப் பார்த்தார். பெருமாள்சாமிதான் ஆர்டரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். ஏப்ரலில் போனோம். கிளம்புகிற அன்று கிளாரா ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சிவப்பு ஸ்வெட்டர். “சும்மா கெடக்குதுண்ணே, அங்க குளுரும், போட்டுக்கோ” என்றாள். எனக்குக் கை நீளமாக இருந்தது; இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன்.

ஓடை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஓடிவந்து தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் மரம் கவிந்திருந்தது. கோபுர வீச்சு இல்லாமல் அங்கே நிற்கவே முடியாது. நான் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் மேலே பார்த்தேன். அங்கே கம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை, இலைதான். ஏன் வானத்தையே பார்க்கிறாய் என்று மிஸ் ரூத் கேட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

மதியத்துக்குமேல் ஒன்று கடித்தது. உள்ளங்கை நீளம், பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள். அவசரத்தில் பிடிக்கப் போனேன். மிஸ் ரூத் என் கையைத் தட்டிவிட்டார். முதலில் கையை நனைத்துக்கொள், உலர்ந்த கையால் தொட்டால் அதற்குச் சுடும், மேல்தோல் போய்விடும், விட்டாலும் பிழைக்காது என்றார். கையை நனைத்து ஏந்தினேன். அது மூச்சுக்குத் தவித்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. இப்படி ஒரு சின்ன உயிரைத் தெரியாமல் சுட்டுவிடப் பார்த்தேனே என்று. மிஸ் ரூத் அதை ஃபிரடிக்கான அழுகை என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் திருத்தவில்லை.

இவ்வளவுதான். பிச்சையாவை வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூண்டில் என்பதை அடித்துவிட்டு ராடு என்று போடுங்கள். நான்காம் பக்கத்தில் ‘அனுபவமின்மையாலும் கவனக்குறைவாலும்’ என்று ஒரு வரி வருகிறது. அது பெரிய பிழை. அன்று அவன் வீச்சில் ஒரு குறையும் இல்லை. இருபத்தைந்து வருஷம் வீசுகிறவர்களுக்கும் கை அப்படி நிற்காது. செய்தது நான். அளந்து, இடம் பார்த்து, ஸ்டிக்கரை உரித்து, கையை உயர்த்தச் சொல்லி, நாற்பதுவரை எண்ணி, நான்தான் செய்தேன். அதற்கு என்ன பிரிவு வருமோ போட்டுக்கொள்ளுங்கள், நான் வழக்காட மாட்டேன்.

ஆனால் உங்கள் படிவத்தில் ‘பயிற்சி அளித்தவர்’ என்று ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறது. அதில் என் பெயரைப் போடுங்கள். அவனுக்கு அது தானாக வந்தது என்று மிஸ் ரூத் சொல்வார், கிளாரா சொல்வாள், ஊரே சொல்லும். நம்பாதீர்கள். அவன் கற்றதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்து வந்ததுதான்.